நான் தனியாகப் பாடிய ஆறு பாட்டுகள்

இங்கிலாந்து பாப் பாடகர் ஒருவரால் செஞ்சியில் ஒரு ஜோடி பிரிந்தது. இது அவருக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. பிரிந்த ஜோடியில் ஒரு பாதி நான் என்பதால் எனக்கு நன்றாகத் தெரியும்.

எனக்கு ஒரு தனியார் பள்ளியில் அலுவலக வேலை. கட்டணம் கட்டாத பெற்றோருக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதுவது நான்தான். அதனால் எனக்கு ஆங்கிலம் தெரியும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதை நான் மறுத்ததில்லை. ஜோடியின் இன்னொரு பாதி என்னோடு படித்தவன். நெல் மார்க்கெட்டில் மூட்டை எடை போடுகிறான். ஒவ்வொரு மூட்டைக்கும் எண்ணிக்கையை அவன் நீட்டிச் சொன்னால் ரோட்டில் போகிற பஸ்ஸுக்குக் கேட்கும்.

நாங்கள் இருவரும் வருஷக்கணக்காகச் சேர்ந்து பாடினோம். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா. அதோடு ஆடி மாசத்துக்கு முன்னால் மேல்மலையனூர் அங்காளம்மன் மேல் பாட்டுகள் பதிவு செய்வோம். எழுதுவது நான். முதல் வரியை எடுப்பதும் நான். வரி முடிந்ததும் அவன் “அம்மா தாயே” என்று வாங்கிப் பாடுவான். கோயிலில் பாட்டு ஓடும்போது அமாவாசைக் கூட்டமும் அவனோடு சேர்ந்து அதைப் பாடும். அம்மன் பாட்டு என்றால் எங்கள் பக்கத்தில் இந்த வாங்கிப் பாடுதல் இருந்தே ஆகவேண்டும். பேனரில் இரண்டு பேர் படமும் கைகூப்பியபடி அருகருகே இருக்கும். என் படம் ஒரு விரற்கடை பெரிது. பேனர் கடைக்காரரிடம் நான் தனியாகச் சொல்லி வைத்திருந்தேன்.

இப்படி இருக்கையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கைப்பேசியில் அந்த வெள்ளைக்காரரின் கதை ஓடியது. பள்ளிக்கூடத்துச் சிநேகிதர்கள் இருவர். ஜோடியாகப் பாடி ரெக்கார்டு போட்டார்கள், உலகமே ஆடியது. பிறகு ஒருவர் மட்டும் பிரிந்து தனியாக ஆல்பம் போட்டார். சோகமாக, மெதுவாக, கண்ணை மூடிக்கொண்டு பாடினார். ஆரம்பத்திலிருந்தே இவர்தானே உண்மையான பாடகர் என்று ஊர் உலகம் சொன்னது. இன்னொருவர் என்ன ஆனார் என்பதற்கு அந்த வீடியோவில் அரை நிமிஷம் ஒதுக்கியிருந்தார்கள். நான் அதை மூன்று முறை பார்த்தேன். இருவரில் நான் எவர் என்பதில் எனக்கு ஒருமுறைகூடச் சந்தேகம் வரவில்லை. இந்த மாதிரி வீடியோவைப் பார்த்துவிட்டு நான்தான் அந்த அரை நிமிஷத்து ஆள் என்று நினைத்தவன் எங்காவது இருந்தால் அவன் காலில் விழலாம்.

பிரிவதற்குக் காரணம் ஒன்று வேண்டும். வெள்ளைக்காரர் பிரிந்தார், அதனால் நானும் பிரிகிறேன் என்று சொன்னால் வீட்டிலேயே சிரிப்பார்கள். தேடினேன், கிடைத்தது. சேர்ந்து பாடும்போதெல்லாம் பாட்டு பாதியில் ஸ்ருதி கொஞ்சம் இறங்கிப்போகும். இது எங்கள் இருவருக்கும் தெரிந்த விஷயம். இறக்குவது யார் என்று மட்டும் நாங்கள் பேசிக்கொண்டதில்லை. டீக்கடையில் வைத்து அவனிடம் சொன்னேன்.

“நீ ஸ்ருதிய கீழ இழுக்கறடா. உன்னால நானும் கீழ வர வேண்டியதா இருக்குது.”

அவன் கிளாஸைக் கீழே வைத்தான். “நானா?”

“பின்ன இன்னா? ரொம்ப நாளா சொல்லணும்னு இருந்தேன். நான் தனியா பாடிப் பாக்கறேன்.”

“சரி, பாடிப் பாரு,” என்றான். “டீ ஆறிக்கினு இருக்குது, குடி.”

சண்டைக்கு நான் வீட்டிலிருந்தே பதில்கள் தயார் செய்து கொண்டுபோயிருந்தேன். ஒன்றுகூடப் பயன்படவில்லை. அது எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

வெள்ளைக்கார ஜோடி பிரிந்தபோது பெரிய மைதானத்தில் கடைசிக் கச்சேரி வைத்தார்களாம். எங்கள் கடைசிக் கச்சேரி தொண்டூரில் ஒரு காதுகுத்து. நான் மைக்கைப் பிடித்து, “இன்றோடு ஒரு பயணம் முடிகிறது” என்றேன். பந்தி ஆரம்பித்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு மொத்தக் கூட்டமும் எழுந்துபோய்விட்டது. அவன் மட்டும் மேடையில் நின்று மைக் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

தனி ஆல்பத்துக்கு அட்டைப்படம் கோட்டையில் எடுத்தோம். வெள்ளைக்காரர் கறுப்புத் தோல் கோட்டு போட்டிருந்தார். எனக்கு போட்டோ ஸ்டுடியோக்காரர் மாப்பிள்ளைகளுக்கு வாடகைக்கு விடும் கோட்டு ஒன்றைக் கொடுத்தார். சித்திரை வெயில். ராஜகிரி அடிவாரத்துப் பாறையில் சாய்ந்து நிற்கச் சொன்னார்கள். பாறை தோசைக்கல்லாகக் காய்ந்திருந்ததால் சாய்கிற மாதிரி நடித்தேன். கண்ணை மூடி வானத்தைப் பார்க்கும் முகபாவம் நன்றாக வந்தது. வியர்வையைக் கண்ணீர் என்று வைத்துக்கொள்ளலாம் என்றார் போட்டோக்காரர். அம்மன் பாட்டுக்கு எதற்கு இந்தக் கோட்டு என்று என் மனைவி கேட்டாள்.

ரெக்கார்டிங் ஸ்டுடியோ, மோட்டார் காயில் கட்டும் ஒரு கடைக்குப் பின்னால் இருக்கிறது. சுவரில் பழைய மெத்தைகளை ஆணியடித்து வைத்திருப்பார்கள். முன்கடையில் மோட்டாரை ஓட்டிப் பார்க்கும்போது பாடுவதை நிறுத்தவேண்டும். கரண்ட் போனாலும் நிறுத்தவேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் கிடைத்த நேரத்தில் ஆறு பாட்டுகளை இரண்டு நாளில் பாடி முடித்தேன்.

“வாங்கிப் பாடறதுக்கு யாருணா?” என்றார் ஸ்டுடியோக்காரர். என்னைவிட இளையவர்.

“யாரும் வேணாம்பா. இது தனி ஆல்பம்.”

“அம்மா தாயே இல்லாம எந்தக் கடையிலயும் போடமாட்டாங்கணா. நீங்க போங்க, நான் ஸ்டாக்ல இருந்து எதையாச்சும் ஒட்டிக்கறேன்.”

வெள்ளைக்காரரின் தனி ஆல்பத்திலும் பின்னால் ஒரு கூட்டம் பாடியது நினைவுக்கு வந்தது. பெருந்தன்மையாக அனுமதி கொடுத்தேன். பாட்டுகள் முடிந்து கைப்பேசிக்கு வந்தபோது ஒவ்வொன்றையும் இருபது முறையாவது கேட்டிருப்பேன். என்னைத் தவிர வேறு எதையும் நான் கேட்கவில்லை. பின்னால் எதிரொலியோடு ஏதோ ஒரு கூட்டம் “அம்மா தாயே” என்றது. கூட்டம் என்றால் அப்படித்தானே சொல்லும்.

ஆடி அமாவாசை அன்று காலையில் மனைவியோடு மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ்ஸில் ஏறினேன். டிரைவரிடம் முன்தினமே பென் டிரைவ் கொடுத்திருந்தேன். சாமி கும்பிடுவது இரண்டாம்பட்சம். ஒரு பஸ் நிறைய ஜனம் என் குரலை மட்டும் கேட்டால் எப்படி இருக்கிறது என்று எனக்குப் பார்க்கவேண்டும். நான் தனியாக நிற்கிற பாடகனா இல்லையா என்று அன்று தெரிந்துவிடும் என்று நினைத்தேன். அது சரியாகத்தான் நடந்தது.

வண்டி கிளம்பியதும் முதல் பாட்டு. நான் முதல் வரியைப் பாடினேன். ஒரு அம்மா எலுமிச்சம்பழத்தை எங்கே வைத்தோம் என்று பையைத் துழாவினாள். இரண்டு பேர் சில்லறைக்குக் கண்டக்டரோடு மல்லுக்கு நின்றார்கள். என் வரி முடிந்தது. “அம்மா தாயே” வந்தது. பஸ் மொத்தமும் வாய் திறந்து பாடியது. சில்லறை கேட்டவரும் பாடினார், கண்டக்டரும் பாடினார். மறுபடி என் வரி, மறுபடி சில்லறை. மறுபடி “அம்மா தாயே”, மறுபடி எல்லோரும். தலைக்கு மேலே இருந்த பெரிய ஸ்பீக்கரில் அந்த “தாயே” நீண்டு, கடைசியில் ஒரு சின்ன மூச்சோடு நின்றது. மூட்டை எண்ணுகிறவனின் மூச்சு அது. அந்தக் கூட்டம் முழுவதும் அவன் ஒருவனே.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் மனைவி சொன்னாள்: “அண்ணன் குரலு நல்லா வந்திருக்குதுங்க.”

“எந்த அண்ணன்?”

“இன்னாங்க, தெரியாத மாதிரி கேக்கறீங்க. வீட்ல மொதல் தபா போட்டப்பவே தெரிஞ்சுதே. நீங்கதான் கூப்ட்டு பாட வெச்சீங்கன்னு நெனச்சேன்.”

கோயிலுக்குப் போகும் வழியில் பாட்டுக் கடைகள் வரிசையாக அலறிக்கொண்டிருந்தன. ஒரு கடையில் திண்டிவனத்துக்காரர் ஒருவரின் தனி ஆல்பம். அடுத்ததில் ஒரு ரிட்டயர்டு வாத்தியாரின் தனி ஆல்பம். அதற்கடுத்து ஒரு பெண்மணி, அவரும் தனிதான். எல்லாக் கடையிலும் வரி முடிந்ததும் “அம்மா தாயே” என்று அவனே வாங்கிப் பாடினான். அந்த அமாவாசைக்கு மேல்மலையனூரில் தனியாகப் பாடிய அத்தனை பேருக்கும் பின்னால் நின்றது அவன்தான். பேனரில் எங்கேயும் அவன் படம் இல்லை.

மறுநாள் ஸ்டுடியோவுக்குப் போய்ச் சத்தம் போட்டேன். ஸ்டுடியோக்காரர் பொறுமையாகக் கேட்டார்.

“போன வருசமே அவரு எல்லாக் கட்டையிலயும் பாடிக் குடுத்துட்டாருணா. யாரு வந்தாலும் அவங்க ஸ்ருதிக்குத் தகுந்தத எடுத்து ஒட்டிடுவேன். உங்களுதுக்கு மட்டும்தான் ஒட்டல.”

“ஏன் ஒட்டல?”

அவர் மவுஸைத் தேவையில்லாமல் நகர்த்தினார். “ஒரு கட்டையில ஆரம்பிக்கறீங்க, வரி முடியறப்ப அதுல இல்ல. கீழ வந்துடுது. சிஸ்டத்துல இழுத்துப் பாத்தேன், மிஷின் பாடற மாதிரி ஆயிடுச்சு. அவருக்கு போன் போட்டேன். வந்து, ஹெட்போன்ல உங்களக் கேட்டுக்கினே ஆறு பாட்டுக்கும் புதுசா பாடினாரு.”

“இன்னா சொன்னான்?”

“‘இவன் இப்டித்தான், நான் எறங்கிக்கறேன்’னாரு.”

அவமானம் என்று இதைச் சொல்லமுடியாது. அவமானம் எனக்குப் பழக்கம்தான், பள்ளி அலுவலகத்தில் தினமும் கிடைக்கும். இது பயம். இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட நான் தனியாகப் பாடவில்லை, தனி ஆல்பத்திலும் பாடவில்லை என்பது அந்த மெத்தைச் சுவருக்கு நடுவில் நின்றபோதுதான் உறைத்தது. வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்து, வெள்ளைக்காரரின் தனி ஆல்பத்தில் பின்னால் பாடியவர்கள் பெயரைக் கைப்பேசியில் தேடினேன். பொடி எழுத்தில் ஒரு பட்டியல் இருந்தது. பழைய சிநேகிதர் பெயர் அதில் இல்லை. அவருக்குத் தேவைப்பட்டிருக்காது.

அங்கிருந்து நேராக மார்க்கெட்டுக்குப் போனேன். அவன் தராசு பக்கத்தில், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றான்.

“ஸ்ருதிய கீழ இழுத்தது நீ இல்லடா, நான்,” என்றேன்.

“தெரியும்.”

“எப்பருந்து தெரியும்?”

“ஏழாவது படிக்கறப்ப பிரேயர்ல பாடினோமே, அப்பருந்து.” மூட்டை ஏறியது. எண்ணிக்கையைச் சொன்னான். மூட்டை இறங்கியது.

“ஏன்டா சொல்லல? டீக்கடையில உன்ன அவ்ளோ பேசினேனே, அப்பவாச்சும் சொல்லியிருக்கலாம் இல்ல?”

“சொன்னா நீ பாடறத நிறுத்திடுவ.” அவன் என்னைப் பார்க்காமல் தராசு முள்ளையே பார்த்தான். “எனக்கு ஆரம்பிக்க வராதுடா. அந்த ஸ்டுடியோக்காரரு என்னையும் ஒரு பாட்டு தனியா பாடச் சொன்னாரு. மைக்கு முன்னால அரை மணி நேரம் நின்னேன். வாயே தெறக்கல. நீ தப்போ ரைட்டோ, பயப்படாம ஆரம்பிச்சிடுவ. யாராச்சும் ஆரம்பிச்சாதான் எனக்குக் குரலே வருது.”

எனக்கு அழுகை வந்தது. மார்க்கெட் நடுவில், அத்தனை விவசாயிகள் பார்க்க, அழுதேன்.

“ஓரமா நின்னு அழுடா,” என்றான் அவன். “லோடு வருது.”