யன்னலுக்கு அபிசேகம்

1974 ஆகஸ்ட் 4, ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு மணி. வானத்தில் மேகமில்லை. சோளகக் காற்று புழுதியை வாரிக்கொண்டு வீசியது. மடத்துவெளியில் எங்கள் வீட்டு முற்றத்தில், யன்னல் மறைப்புகள் இரண்டையும் கழற்றிப் பாயில் கிடத்தியிருந்தேன். ஒன்றுக்கு முப்பத்தெட்டுத் தகடுகள், இரண்டுக்கும் எழுபத்தாறு. இரு பக்கமும் கழுவவேண்டும் என்பதால் நூற்று ஐம்பத்திரண்டு முகங்கள். கயிற்றை இழுத்தால் தகடுகள் சாய்ந்து வெளிச்சம் கோடு கோடாக உள்ளே விழும். கொழும்பில் நான் இருபத்தொன்பது வருடம் வேலைபார்த்த கந்தோர் இடம் மாறியபோது ஏலத்தில் எடுத்தவை அவை. அக்கா அவற்றை விலாவெலும்பு என்பார். விளக்குக் கரியும் கடற்காற்றின் உப்பும் ஒட்டிப் பிசுபிசுத்து, விரல் வைத்தால் விரல் கறுக்கும் நிலைக்கு வந்திருந்தன.

அக்கா என்னிலும் ஆறு வயது மூத்தவர். இருவருமே கலியாணம் செய்யவில்லை. நான் கொழும்பில் இருந்த காலமெல்லாம் அந்த வீட்டைத் தனியே வைத்திருந்தவர் அவர். ஓய்வு பெற்று வந்த நான், வந்த முதல் கிழமையிலேயே ஓடுகளையும் தென்னைகளையும் எண்ணி, வீட்டை எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். அன்று எங்கள் கிணற்றில் அள்ளிய தண்ணீரில் சலவைச் சோடாவைக் கரைத்தபோது அவர் குசினி வாசலில் நின்று சொன்னார்:

“உந்தத் தண்ணியிலை கழுவாதை தம்பி. உவர். காய்ஞ்சா உப்புப் பூக்கும்.”

“கந்தோரிலை வருசா வருசம் கழுவினது அக்கா. எனக்குத் தெரியும்.”

“அங்கை பியோன் எல்லோ கழுவினவன். நீ பக்கத்திலை இருந்து எண்ணினனீ.”

கோபத்தில் நூற்று ஐம்பத்திரண்டு முகங்களையும் நானே தேய்த்தேன். இருட்டும் வேளையில் ஈரத்தோடு மாட்டிவிட்டு, மறுநாள் விடியுமுன் முதல் பஸ்ஸில் ஓய்வூதிய அலுவலாகக் கொழும்புக்குப் புறப்பட்டேன். சனிக்கிழமை திரும்பி வந்தபோது தகடுகள் கண்ணாடிபோல் மின்னின. ஒரு பொட்டு உப்பில்லை. அன்று மாலை பார்க்க வந்த பக்கத்து வீட்டுத் தலைமையாசிரியரிடம் சோடாவின் அளவைக் கரண்டிக் கணக்கில் விளக்கினேன். தேநீர் கொண்டுவந்த அக்காவுக்குக் கேட்கும்படியே, “இவவை நம்பி விட்டிருந்தால் இன்னும் கரியாத்தான் கிடந்திருக்கும்” என்றேன். அக்கா என்னைப் பார்க்கவில்லை. தேநீரை வைத்துவிட்டு முழங்காலைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். காலில் ஏதோ வாதம் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

அடுத்த தை மாதம், கிளிநொச்சியில் இருக்கும் எங்கள் தம்பியின் மகளுக்குப் பிள்ளை பிறந்தது. அக்கா உதவிக்குப் போனார். மூன்று கிழமையில் வருவேன் என்றார். வரவில்லை. அங்கே வளவுக்கு வளவு நல்ல தண்ணீர், படலையைத் தாண்டாமல் அள்ளலாம் என்று தபாலட்டையில் எழுதியிருந்தார். வரும்படி எழுத எனக்குக் கை வரவில்லை. வீட்டில் என் குரல் எனக்கே புதிதாகிவிட்டது. சில நாட்களில் படலைக்கு வரும் தபாற்காரரிடம் சொன்ன “ஓம்” மட்டுமே அன்றைய பேச்சு.

அந்த ஆண்டு ஆகஸ்டில் கோயில் திருவிழா வந்தது. அதற்கென்றாலும் அக்கா வருவார், வந்தால் யன்னல் கரியாக இருக்கக்கூடாது என்று மறைப்புகளைக் கழற்றினேன். அதே கிணறு, அதே சோடா, அதே கரண்டி. மறுநாள் காலையில் தகடுகள் எல்லாம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருந்தன. மறுபடி கழுவினேன். மறுபடி வெளுத்தன. மூன்றாம் நாள், நல்ல தண்ணீர் விற்கும் மாட்டுவண்டிக்காரரை மறித்து ஒரு பீப்பா கேட்டேன். அவர் சிரித்தார்.

“உங்கடை வீட்டுக்கு இப்பத்தான் ஐயா முதல் பீப்பா. பெரியக்கா ஒரு நாளும் வாங்கேல்லை, குடத்திலைதான் காவுவா. குடிக்க ஒரு குடம் காணும். போன வருசம் நீங்கள் கொழும்புக்குப் போன கிழமை நாளுக்கு நாலு நடை நடந்தவ. ‘என்ன, கோயிலிலை அபிசேகமோ’ எண்டு கேட்டனான். ‘இல்லையடா, யன்னலுக்கு அபிசேகம். தம்பி வாறதுக்கிடையிலை முடிக்கவேணும், அவன் வெக்கப்பட்டுப் போவான்’ எண்டா.”

அன்று மாலை எங்கள் படலையிலிருந்து நல்ல தண்ணீர்க் கிணறு வரை எண்ணிக்கொண்டு நடந்தேன். ஆயிரத்து நூற்று நாற்பது காலடி. ஐந்து நாள், நாளுக்கு நாலு நடை. போகவும் வரவும் நாற்பத்தையாயிரத்து அறுநூறு காலடி. அதிற் பாதி இடுப்பில் நிறைகுடத்தோடு. அறுபத்து நாலு வயதில்.

மன்னிப்புக் கேட்டு எழுத உட்கார்ந்தேன். நாலு தபாலட்டைகள் பழுதாயின. ஐந்தாவதில் இவ்வளவுதான் எழுத முடிந்தது: “யன்னல் கழுவினேன். நல்ல தண்ணீர் ஒரு பீப்பா, ஏழு ரூபா. வண்டிக்காரர் எல்லாம் சொன்னார்.” பதினொரு நாளில் தம்பி மகளின் கையெழுத்தில் அக்காவின் பதில் வந்தது: “ஏழு ரூபாவோ? உன்னை நல்லா ஏமாத்திப்போட்டான். நீ அவனோடை ஒண்டும் கதையாதை. கால் சுகமானதும் நான் வந்து கேக்கிறன்.”

கால் சுகமாகவில்லை. அந்த மாரியில் கிளிநொச்சியிலேயே அக்கா காலமானார்.

ஆண்டுதோறும் ஆகஸ்டில், சோளகம் வீசும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு முற்றத்தில் பாய் விரித்து மறைப்புகளைக் கிடத்துகிறேன். சோடா போடுவதில்லை. தகடுகளை எண்ணுவதுமில்லை. வண்டிக்காரர் விலையை ஏற்றிக்கொண்டே போகிறார். தேங்காய்க்கும் மீனுக்கும் சதக் கணக்கில் வாதாடுகிற நான், இதற்கு மட்டும் கேட்டதைக் கொடுத்துவிடுகிறேன். அக்கா வந்து கேட்கவேண்டிய பேரம் அது. முதல் பீப்பா ஏழு ரூபா, இந்த 1981இல் பதினாலு. இதுவரை ஏழு பீப்பா, அறுபத்தேழு ரூபா.