சும்மா ஓடியவன்

பொங்கல் கழிந்த வியாழக்கிழமை காலை. மலையழகு பார்த்துக்கொண்டே ஓடலாம் என்று சித்தேரிச் சாலைக்குப் போயிருந்தேன். செருப்பைக் கையில் பிடித்தபடி, தலையில் சாமை மூட்டையோடு ஒரு அம்மா முன்னால் நடந்துகொண்டிருந்தார். நான் ஓடிவருவதைத் திரும்பிப் பார்த்தவர் தானும் ஓடத் தொடங்கினார். வளைவில் தடுக்கி விழுந்தார். சந்தைக்குப் போகவேண்டிய சாமை சாலையெல்லாம் கொட்டியது.

“பஸ்ஸு போயிருச்சுங்களா?” என்றார் மூச்சு வாங்க.

“இல்லீங்க. நான் சும்மா ஓடறேன்.”

“சும்மாவா?” முழங்கால் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். “இங்க பஸ்ஸுக்குத்தாங்க ஓடுவோம்.”

இருவரும் அள்ளினோம். மண் கலக்காமல் தேறியது அரை மூட்டைதான். அதற்குள் பஸ் வந்துவிட்டது. ஏறியவர் கண்டக்டரிடம், “அந்த சாரும் பஸ்ஸுக்குத்தான் ஓடியாந்தாரு, ஏத்திக்குங்க” என்றார்.

அந்த அரை மூட்டையைப் பார்த்தபின் மறுபடி ‘சும்மா’ என்று சொல்ல வாய் வரவில்லை. ஏறிக்கொண்டேன்.