அண்ணி எழுதிய முதல் பத்துச் சொற்கள்

என் அண்ணி பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால். எங்கள் வீட்டுக்கு வந்து பத்தொன்பது வருடமாகிறது. "என் தப்பு" என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. பால் பொங்கி வழிந்தால் அடுப்பின் குற்றம். பஸ்ஸைத் தவறவிட்டால் டிரைவரின் குற்றம். துணி சாயம் போனால், வேறு யார், என் அண்ணன்தான்.

நாங்கள் இருவரும் ஒரே ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்க்கிறோம். அவர் மூன்றாம் மாடியில் பாக்டீரியா வளர்க்கிறார். நான் கீழே ஸ்டோர். வருகிற சின்னச் சோதனைக் குழாய்களை ஃப்ரீசரில் வைத்து, கேட்பவர்களுக்கு எடுத்துக் கொடுப்பேன்.

போன வருடம், பச்சையாக ஒளிரும் ஒரு புரதத்தைப் பாக்டீரியாவில் செய்ய வைக்கும் பொறுப்பு அண்ணிக்கு வந்தது. அதற்கான மரபணுவை அவரே எழுதி, வெளியே செய்து வாங்க வேண்டும். மரபணுவைப் பார்த்துப் பாக்டீரியா எடுக்கும் நகல்தான் தூது ஆர்.என்.ஏ. ரைபோசோம் என்கிற குட்டி இயந்திரம் அந்த நகலின் தொடக்கத்தில் ஏறி உட்கார்ந்து, மும்மூன்று எழுத்தாகப் படித்துப் புரதத்தைக் கோக்கும். ஒரே பொருளுக்குப் பல மூன்றெழுத்துச் சொற்கள் உண்டு. அண்ணி சும்மா விடுவாரா? பாக்டீரியா எந்தச் சொல்லை அதிகம் பயன்படுத்துகிறதோ, அதையே ஒவ்வொரு இடத்திலும் பொறுக்கிப் போட்டார்.

"இதுக்கு மேல ஒருத்தரும் எழுத முடியாது" என்று வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பாக்டீரியா வளர்ந்த தட்டை நீல விளக்கின் கீழ் வைத்தால் ஒரே இருட்டு. மூன்று மாதமாக அதே இருட்டு.

ஆய்வகத் தலைவர் காரணம் தேடினார். நானும் வசமாக மாட்டினேன். மரபணு வந்த பெட்டியை ஒரு சனி, ஞாயிறு முழுக்க மேசைமேலேயே மறந்துவிட்டிருந்தேன்.

"வெளியிலயே கிடந்து கெட்டுப்போச்சு. வெள்ளிக்கிழமை கூட்டத்துல பேசிட்டு ஸ்டோருக்கு வேற ஆள் பாத்துக்கலாம்" என்றார் தலைவர்.

"நான் அப்பவே நினைச்சேன்" என்றார் பக்கத்தில் நின்ற அண்ணி. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்! நான்கு நாள் வீட்டில் அவரோடு பேச்சை நிறுத்திவிட்டேன்.

வியாழக்கிழமை மதியம் அவரே ஸ்டோருக்கு இறங்கி வந்தார்.

"தூது ஆர்.என்.ஏ. எவ்வளவு இருக்குன்னு அளந்து பாத்தேன். நிறைய இருக்கு."

"இருந்துட்டுப் போகட்டும்."

"கோவிச்சுக்காம கேளு. நகல் ஒழுங்கா வருதுன்னா மரபணு கெடல. உன் மேசை ஒண்ணும் பண்ணல."

"அப்புறம் ஏன் ஒளிரல?"

அண்ணி ஃப்ரீசர் கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவர் பொறுக்கிய முதல் பத்துச் சொற்களில் ஜி, சி என்ற எழுத்துகள் அதிகம். அவை இரண்டும் கண்டதும் கட்டிக்கொள்கிறவை. அதனால் நகலின் தொடக்கமே தன்மேல் மடிந்து மூடிக்கொண்டது. ரைபோசோமுக்கு ஏற இடமில்லை. பின்னால் எத்தனை நல்ல சொல் இருந்து என்ன?

"அந்தப் பத்தை மட்டும் மாத்தினேன். பொருள் அதேதான், புரதமும் அதேதான். இப்ப பாரு."

கையோடு கொண்டுவந்த தட்டின்மேல் நீல விளக்கை அடித்தார். பச்சை பளிச்சென்று எரிந்தது. எனக்குக் கோபமெல்லாம் மறந்து சிரிப்பு வந்துவிட்டது.

"அண்ணி, நாளைக்குக் கூட்டத்துல இதைச் சொல்லுவீங்களா?"

அவர் தட்டை எடுத்துக்கொண்டு மாடியேறிவிட்டார். புதுத் தட்டை மட்டும் காட்டிவிட்டு அவர் பேசாமல் உட்கார்ந்தால் போதும், பழி என் மேசைமேலேயே நிற்கும்.

கூட்டத்தில் அண்ணி எழுந்தார். இரண்டு முறை தண்ணீர் குடித்தார்.

"மரபணு கெட்டுப்போகல சார். முதல் பத்துச் சொல்லை நான்தான் அதிகப்பிரசங்கித்தனமா எழுதிட்டேன். ஸ்டோர்ல எந்தத் தப்பும் இல்ல. தப்பு என்னோடது."

எனக்கு வேலை பிழைத்ததைவிட அந்தக் கடைசி இரண்டு சொல்தான் கண்ணைக் கலங்க வைத்தது.

பஸ்ஸில் அண்ணி என் காதருகே குனிந்தார். "வீட்டுல சொல்லிடாதே."

வீட்டில் நுழைந்ததும் அண்ணன் கேட்டார். "என்ன ஆச்சு? கடைசியில யார் தப்பாம்?"

அண்ணி அவசரமாக ஒரு துண்டை எடுத்து மடிக்கத் தொடங்கினார்.

"என் தப்புதான் அண்ணா" என்றேன்.

"எனக்குத் தெரியும்! பெட்டியை மேசைல வச்சு மறக்கிறவளுக்கு எதுக்கு..."

"அவளை ஒண்ணும் சொல்லாதீங்க" என்று அண்ணி சீறினார்.