இடப்பக்கத்து ஹார்ன்

வேப்பம்பட்டில் எங்கள் வீட்டு ஹால் பத்துக்குப் பன்னிரண்டு. அதற்குள் ஒரு சோபா, ஒரு பீரோ, நான், என் மனைவி, போதாக்குறைக்கு நானே செய்த இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள். பெட்டி செய்வது பெரிய வித்தை இல்லை. பலகையை நேராக அறுக்கத் தெரிந்தால் போதும். பெட்டியின் தலையில் உட்காரும் ஹார்ன்தான் ஆளைப் பிடித்து ஆட்டி வைக்கும். பின்னால் குறுகிய தொண்டை, முன்னால் விரிந்த வாய். உயர்ந்த சுருதிகளை எழுப்பும் டிரைவர் என்ற சின்ன ஒலிப்பானைத் தொண்டையில் திருகிவிட்டால், மிச்சத்தை அந்த விரிவு பார்த்துக்கொள்ளும். அது எப்படி விரிய வேண்டும் என்பதில்தான் எல்லாச் சண்டையும்.

முதலில் திருவிழாவில் மரத்தில் கட்டுகிற குழாய் மாதிரி நீளமாக, ஒடுக்கமாகச் செய்தேன். சத்தம் ஒரே நேராகப் போய்ச் சுவரில் முட்டியது. சோபாவின் நடுவில் உட்கார்ந்த எனக்குக் காது கிழிந்தது, ஓரத்தில் உட்கார்ந்த அவளுக்குப் பாதி கேட்கவில்லை.

"தண்ணி வர்ற நேரத்த ஆட்டோல மைக் கட்டிக்கினு சொல்வாங்களே, அப்டிதான் கீது," என்றாள்.

எனக்கு வந்த கோபத்தில் அதைக் கழற்றிப் பரணில் போட்டேன். ஆனால் அவள் சொன்னது சரிதான். சின்ன அறைக்கு அகலமான ஹார்ன்தான் தோது. வாய் பெரிதானால் இன்னும் கீழ்ச் சுருதிவரை தாங்கும், ஆனால் பீரோவைத் தூக்கி வெளியே போட வேண்டியிருக்கும். யோசித்து, ஓர் அடி வாய் என்று முடிவு கட்டினேன். விளிம்பு சட்டென்று முடியாமல் உதடு மாதிரி வெளிப்பக்கம் மடங்க வேண்டும், இல்லாவிட்டால் பாடுகிறவருக்குச் சளி பிடித்தது போலிருக்கும். பிளைவுட்டை வளையம் வளையமாக அறுத்து, அடுக்கி ஒட்டி, உப்புத்தாளால் தேய்த்து, பட்டி பார்த்து, கறுப்பு ஸ்ப்ரே அடித்தேன். இரண்டு மாதத்து ஞாயிற்றுக்கிழமைகள் அதிலேயே போயின.

ஒரு ஞாயிறு காலையில் பாட்டுப் போட்டேன். வலப்பக்கம் ஜால்ராவின் ஒவ்வொரு தட்டும் தனித்தனியாக விழுந்தது. இடப்பக்கம் எல்லாம் மங்கலாக, போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது.

வேறு யாராக இருந்தாலும் இரண்டு பெட்டிகளையும் இடம் மாற்றிப் பார்த்திருப்பார்கள். நான் மாற்றவில்லை. ஹார்னைச் சந்தேகிக்கவே எனக்குத் தோன்றவில்லை, என் இடது காதைத்தான் சந்தேகித்தேன்.

காரணம் இருந்தது. தேர்வாய் கண்டிகையில் தகடு அடிக்கும் பிரஸ்ஸில் எனக்குப் பதினாலு வருஷம். மிஷின் என் இடப்பக்கம். பக்கத்து பிரஸ்ஸில் என்னோடு வேலை பார்த்த ஓர் அண்ணனுக்கு இப்போது காதில் கேட்கும் கருவி. தன் மகள் கல்யாணத்தில் யார் என்ன சொன்னாலும் அவர் சிரித்துத் தலையாட்டிக்கொண்டே இருந்தார். அந்தச் சிரிப்பு என் கண்ணை விட்டுப் போகவில்லை. கம்பெனிக்குக் காது சோதிக்கும் வண்டி வரும் நாளும் நெருங்கிக்கொண்டிருந்தது. சோதனையில் தேறாவிட்டால் பேக்கிங்குக்கு மாற்றுவார்கள், அது போகட்டும். ஜால்ராவே கேட்காதவன் எதற்கு ஹார்ன் செய்ய வேண்டும்?

அந்த வாரம் முழுக்கப் போனை வலது காதில் வைத்தேன். கம்பெனி பஸ்ஸில் இடது ஜன்னலோரம் உட்கார்ந்தேன், பேசுகிறவர்கள் வலப்பக்கம் இருக்கட்டும் என்று. வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை. வீணாக அவள் மேல் எரிந்து விழுந்ததுதான் மிச்சம்.

அடுத்த ஞாயிறு அவள் பீரோவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னாபா, இந்தப் பொட்டி மட்டும் வாய்ல துணி அடச்சாப்ல பாடுது?"

"எது?"

"இதோ, இதான்."

இடப்பக்கத்துப் பெட்டியைக் காட்டினாள்.

உள்ளேயிருந்து ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, பெட்டிகளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். இப்போது ஜால்ரா என் இடது காதில் விழுந்தது, தட்டுத் தட்டாக, தனித்தனியாக. மங்கல் வலப்பக்கம் போய்விட்டது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சொல்ல வெட்கமில்லை.

எழுந்து போய் அந்த ஹார்னின் தொண்டைக்குள் விரலை விட்டேன். மெத்தென்று ஏதோ தட்டுப்பட்டது. இழுத்தால் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று காதடைப்பான்கள் வந்தன. எல்லாம் கம்பெனியில் கொடுக்கிற ஸ்பாஞ்சு. முன்பக்கம் கறுப்பு, பின்பக்கம் மஞ்சள். டிரைவரை மாட்டிய பிறகு அந்த ஒரு ஹார்னில் மட்டும் பட்டி வெடித்திருந்தது. மறுபடி கழற்றச் சோம்பல்பட்டு, தேய்க்கிற தூள் உள்ளே விழாமல் சட்டைப்பையில் இருந்ததை எடுத்து அடைத்தேன். அப்படியே மேலே ஸ்ப்ரேயும் அடித்து மறந்தும் போனேன்.

சிரித்துக்கொண்டே அந்த வாரத்துக் கதையை அவளிடம் கொட்டினேன். அவளும் சிரித்தாள். பிறகு ஒரு ஸ்பாஞ்சை எடுத்து மஞ்சள் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"புச்சா கீதே. கம்பெனில இத காதுல போடாமதான் நிக்கிறியா நீ?"

பதினாலு வருஷத்தில் நான் அதைப் போட்ட நாட்களை எண்ணிவிடலாம். சூப்பர்வைசர் தலை தெரிந்தால் காதில், மற்ற நேரம் பையில்.

"பொட்டி காதுக்குலாம் வெச்சி அடைக்கிற. உன் காதுன்னா மட்டும் உனக்கு அவ்ளோ எளக்காரமா?"

பாட்டை நிறுத்திவிட்டுக் கீரையோடு உள்ளே போனாள்.

மறுநாள் பிரஸ் ஓடுவதற்கு முன்பே இரண்டு காதிலும் அடைத்துக்கொண்டேன். வியாழக்கிழமை வண்டி வந்தது. சின்னக் கூண்டுக்குள் உட்கார்ந்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். இடது காதில் கொசு தூரத்தில் பறப்பது போல ஒன்று கேட்டது. அழுத்தினேன். அதைவிட மெல்லியதாக இன்னொன்று. அதற்கும் அழுத்தினேன். சோதித்த பெண் தாளைப் பார்த்து, "கொஞ்சம்தான் தேய்மானம், இதோட நிறுத்திக்குங்க," என்றார். எனக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியபோது அவள் கதவுக்கு இடப்பக்கம் நின்றிருந்தாள். முதலில் என் சட்டைப்பைக்குள் கையை விட்டுப் பார்த்தாள். காலி. பிறகு என் இடது காதுப் பக்கம் வந்து, உதடு அசைகிறதா என்றே தெரியாத அளவுக்கு மெதுவாகக் கேட்டாள்.

"டீ வேணுமா?"

"வேணும்மே," என்றேன்.