சாயம் என்று நினைத்த கறுப்பு

இந்த நாட்டில் எல்லாவற்றுக்கும் இடம் வைத்திருக்கிறார்கள். நாய் தண்ணீர் குடிக்க ஓர் இடம், நனைந்த குடையைச் செருக ஓர் இடம், கைக்குழந்தைக்கு உடை மாற்ற மடக்குப் பலகை. மனுசன் காலைக் கழுவத்தான் இடமில்லை. வடக்கு இங்கிலாந்தில் சின்ன ஊர் ஒன்றில், தென்னிந்திய உணவகத்தில் நான் சமையல்காரன். லுஹர் என்கிற நண்பகல் தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவி ஒளு செய்ய வேண்டுமென்றால், இடுப்புயர வாஷ்பேசினில் ஒரு காலைத் தூக்கி வைத்து, மறுகாலில் கொக்கு மாதிரி நிற்க வேண்டும். ஐம்பதைத் தாண்டிய தொந்தி ஆசாமி அப்படி நிற்பதைக் காட்டினால் டிக்கெட் போட்டு வசூலிக்கலாம்.

ஒருநாள் தாழ்ப்பாள் சரியாக விழவில்லை. பாத்திரம் கழுவும் மார்கரெட் அம்மா கதவைத் திறந்துவிட்டார். என் கால் பேசினில், என் கை குழாயில். "ஐயோ, அடிபட்டுவிட்டதா?" என்றார். "நோ, நோ, பிரேயர்" என்றேன். அவர் என்ன விளங்கிக்கொண்டாரோ தெரியாது. சாயந்தரம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, உன் வீட்டில் தண்ணீர் வரவில்லையென்றால் என் குளியலறைக்கு வா, இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று மெதுவாகச் சொன்னார். அந்த நல்ல மனசுக்கு நான் என்ன விளக்கம் கொடுப்பது? நன்றி சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் அதற்கப்புறம் பேசினில் கால் வைக்க எனக்குக் கூச்சமாகிவிட்டது.

எங்கள் மார்க்கத்தில் இதற்கு ஒரு சலுகை உண்டு. காலைக் கழுவி, தோலால் செய்த காலுறையைப் போட்டுக்கொண்டால், அடுத்தடுத்த தொழுகைகளுக்கு அதைக் கழற்ற வேண்டாம். ஈரக் கையால் மேலே தடவினால் போதும். மஸ்ஹு என்பார்கள். நாளுக்கு ஒரு தடவை கழற்றிக் கழுவத்தான் வேண்டும். நானும் கழுவினேன், விடிவதற்கு முன்னால், அரைத் தூக்கத்தில், பல் கிட்டிக்கும் குளிரில். கழுவினேனே தவிர, பார்த்தேனா என்று கேட்டால் பார்க்கவில்லை. கறுப்புத் தோலில் நல்ல காலுறை ஒரு ஜோடி வாங்கியிருந்தேன். அது சாயம் விடும். அதனால் இடது சுண்டுவிரல் கறுத்துத் தெரிந்தபோது, சாயம் ஒட்டியிருக்கிறது, தேய்த்தால் போகும் என்றே நினைத்தேன்.

கால் சில்லென்று இருந்ததா என்றால், இருந்தது. இங்கே யாருடைய கால் சூடாக இருக்கிறது? எல்லாரும் எந்நேரமும் சாக்ஸைப் பற்றித்தான் பேசுகிறார்கள். பஸ் நிறுத்தத்திலிருந்து கடைக்கு ஒரு மேடு ஏற வேண்டும். பாதி மேட்டில் இடது கெண்டைக்கால் கயிறு முறுக்கினாற்போல் பிடிக்கும். நின்று போனைப் பார்ப்பது போலப் பாவனை செய்வேன். கொஞ்ச நேரத்தில் விட்டுவிடும். மறுபடி நடப்பேன், மறுபடி பிடிக்கும். குளிர் என்றேன், வயசு என்றேன், நாள் முழுக்க அடுப்படியில் நிற்கிற பாவம் என்றேன். சர்க்கரை இருக்கிறது, சிகரெட்டும் இருந்தது. இரண்டின் பேரையும் மட்டும் நான் சொல்லவில்லை.

இந்தக் காலோடுதான் சித்திரை மாதம் தேவகோட்டைக்குப் போனேன், தங்கை மகள் நிக்காஹுக்கு. வீட்டுக்குள் நுழைந்து பேண்ட்டைக் கழற்றிக் கைலி கட்டியதும் என் மனைவி மைமூனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஏங்க, என்னது இது, அங்க போயி காலுக்கு ஷேவிங் பண்ணுறீகளா? ஒத்தக் காலு மட்டும் சினிமா நடிகை காலாட்டம் மழமழன்னு மின்னுது?" என்றாள். குனிந்து பார்த்தேன். இடது முழங்காலுக்குக் கீழே ஒரு முடி இல்லை. தோல் பளபளவென்று இருந்தது. நானும் சேர்ந்து சிரித்தேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகைக்கு என் தங்கை வீட்டுக்காரர் ஜப்பாரும் நானும் போனோம். பள்ளிவாசல் ஹவுலில், அதாவது ஒளு செய்யும் தண்ணீர்த் தொட்டியில், சுற்றி உட்கார்ந்து எல்லாரும் ஊர்க்கதை பேசியபடி காலைக் கழுவுவார்கள். வெயிலில் கல் சுட்டது, தண்ணீரே வெந்நீராக இருந்தது. ஜப்பார் என் காலைப் பார்த்தார்.

"என்ன மச்சான், விரலு கருத்துக் கெடக்கு?"

"சாயம் மச்சான். தோல் சாக்ஸு. போயிரும்."

அவர் கட்டைவிரலால் ஒரு தேய் தேய்த்தார். போகவில்லை. அழுத்தித் தேய்த்தார். பிறகு பாதத்தை முழுசாகப் பிடித்தார். "அடப்பாவி மனுசா, ஐஸ்பெட்டிக்குள்ள வச்சுக் கொண்டாந்தீகளா காலை?" என்று சிரித்தவர், இங்குட்டுத் திரும்பி வலது காலைத் தொட்டார். அது சுட்டது. சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"இந்தா அழுத்துறேனே, வலிக்கலையா?"

"இல்லையே."

"வலிக்கலைங்கிறதுதான் மச்சான் பயமா இருக்கு. எங்கத்தாவுக்கு இப்படித்தான் தொடங்குச்சு. முழங்காலோட எடுத்தாக. தொழுதுட்டு நேரா கிளம்புறோம், பேசாதீக."

கல்யாண வீட்டு வேலை அத்தனையையும் போட்டுவிட்டு என்னைக் காரைக்குடிக்குக் கூட்டிப்போனார். அங்கே இருந்த டாக்டரம்மா இளவயது. ஒன்றும் கேட்காமல் முதலில் பாதத்தின் மேல் இரண்டு விரலை வைத்தார். நாடி பார்ப்பது கையில்தான் என்று நினைத்திருந்தேன். காலிலும் பார்ப்பார்களாம். வலது காலில் உடனே தலையை ஆட்டினார். இடது காலில் விரலை நகர்த்தி நகர்த்தி வைத்துக்கொண்டே இருந்தார்.

"நடந்தா கெண்டைக்கால் பிடிக்குதா? நின்னா விட்டுடுதா?" என்று கேட்டார். அந்த மேட்டில் நான் போனைப் பார்ப்பது போல நின்றதை இந்தப் பிள்ளை எங்கிருந்து பார்த்தது என்று திகைத்துப்போனேன். காலுக்கு ரத்தம் போகிற குழாய் அடைத்துக்கொண்டிருக்கிறது, அதனால்தான் குளிர்ச்சி, முடி கொட்டியது, எனக்குத் தெரியாமலே விரலில் ஷூ கடித்த புண் ஆறாமல் கறுத்தது எல்லாம். சர்க்கரை நரம்பைக் கெடுத்ததால் வலி தெரியவில்லை என்றார். "இன்னைக்கே மதுரைக்குப் போங்க. விரலைப் பத்திக் கவலைப்படாதீங்க. காலைக் காப்பாத்த முடியுமான்னு பார்ப்போம்."

கால் இல்லாத சமையல்காரனை யார் வைத்துக்கொள்வார்கள்? வேலை போனால் விசாவும் போகும். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், மதுரைக்குக் காரில் போகும்போது அதெல்லாம் தோன்றவில்லை. ஜப்பாரைப் பெற்ற அத்தா வாசலில் ஒற்றைக் காலோடு உட்கார்ந்து, தெருவில் போகிறவர்களின் காலையே பார்த்துக்கொண்டிருப்பாரே, அந்தப் பார்வைதான் கண்ணுக்குள் நின்றது. அழுதுவிட்டேன். சேதி கேட்டு வந்து சேர்ந்த மைமூன் என் பாதத்தை மடியில் எடுத்து வைத்து முந்தானையால் மூடிக்கொண்டு வந்தாள்.

மதுரையில் தொடை வழியாகக் கம்பியை விட்டு, அடைப்பை விரித்துவிட்டார்கள். வெளியே கொண்டுவந்து படுக்க வைத்ததும் மைமூன் போர்வைக்குள் கையை விட்டாள். "யா அல்லாஹ், சூடு வந்துருச்சுங்க! சுடுதுங்க!" என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. கால் தப்பித்தது. சுண்டுவிரல் தப்பிக்கவில்லை. தங்கை மகளின் நிக்காஹை ஆஸ்பத்திரிக் கட்டிலில் போனில்தான் பார்த்தேன். அவ்வளவு தூரம் பறந்து வந்தும், எல்லாக் கல்யாணங்களையும் போல இதையும் வெளிநாட்டுக்காரனாகவே பார்க்க வேண்டியதாயிற்று.

என்னைப் போலக் குளிர்தேசங்களில் இருக்கிற சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. எல்லாருடைய காலும் சில்லிட்டிருக்கிற ஊரில் உன் கால் சில்லிட்டிருப்பது உனக்கே தெரியாது. ஒரு காலை மட்டும் தொட்டுப் பார்க்காதீர்கள், இரண்டையும் தொட்டு ஒப்பிடுங்கள். ஆறாத புண்ணைச் செருப்புக்கடி என்று விடாதீர்கள். நின்றால் விட்டுவிடுகிற வலியை வயசு என்று ஏமாற்றிக்கொள்ளாதீர்கள். மார்க்கம் தந்தது கழுவாமல் தடவிக்கொள்ளச் சலுகைதான். பார்க்காமல் இருக்கச் சலுகை யாரும் தரவில்லை.

விரலை என்ன செய்வது என்ற கேள்வி வந்தபோது ஜப்பார்தான் நின்று கேட்டு வாங்கினார். உடம்பின் எந்தப் பகுதியானாலும் மண்ணில் அடக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். வெள்ளைத்துணியில் சுற்றி தேவகோட்டைக்குக் கொண்டுபோய், கபர்ஸ்தானில் தனக்கு மாமனாரான என் அத்தாவின் கபருக்குப் பக்கத்தில் ஒரு சாண் குழி வெட்டி வைத்துவிட்டு வந்தார். "ஒங்களுக்கு முந்தி ஒங்க விரலு ஊரோட வந்து செட்டிலாயிருச்சு மச்சான்" என்றார். தொடையில் கம்பி விட்ட இடம் வலிக்க வலிக்கச் சிரித்தேன்.

புண் ஆறியதும் திரும்பி வந்து அடுப்படியில் நிற்கிறேன். சிகரெட் இல்லை. இடையிடையே உட்கார மார்கரெட் அம்மா ஒரு ஸ்டூல் கொண்டுவந்து போட்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை எனக்குக் காலை வேலை தொடங்குகிற நேரத்தில் ஊரில் ஜும்ஆ முடிந்திருக்கும். ஜப்பார் கபர்ஸ்தானிலிருந்தே கூப்பிடுவார்.

"மாமாவுக்கு சலாம் சொல்லிட்டேன் மச்சான். அப்படியே ஒங்க விரலுக்கும் சொல்லியாச்சு."

இங்கே ஜன்னலுக்கு வெளியே மழை பெய்துகொண்டிருக்கும். நான் சாம்பார்க் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, ஊரில் கிடக்கிற என் பங்குக்கும் சேர்த்து, வ அலைக்கும் ஸலாம் என்கிறேன்.