இடது கையுறை

போன வாரம் சிரம்பானிலிருந்து ஒரு தம்பி வந்திருந்தார். அங்கே கிரிக்கெட் கிளப்பில் அந்தக் காலத்து ஆட்டக்காரர்களின் பொருள்களைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காட்டப்போகிறார்களாம். அப்பாவின் விக்கெட் கீப்பர் கையுறைகளை எடுத்துக் கொடுத்தேன். வலதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து மகிழ்ந்துபோனார். தோல் இன்னும் கெட்டியாக இருக்கிறது, உள்ளங்கையில் பட்ட பந்தின் சிவப்புக் கறைகூட அழியவில்லை. இடதைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது. உள்ளங்கை தேய்ந்து ஓட்டையாகி, சாக்குத் துணி வைத்துத் தைத்து, அந்தச் சாக்கும் கிழிந்து தொங்குகிறது. "இது ரொம்பக் கெட்டுப் போச்சு லா, பாட்டி. வலது மட்டும் போதும். எப்படி இப்படி ஆச்சு?" என்றார். "எலி கடிச்சிருச்சு" என்றேன். யார் கேட்டாலும் எங்கள் வீட்டில் இதுதான் பதில். அம்மா சொல்லிக்கொடுத்த எலி அது. எத்தனை வருஷமாகத்தான் கடிக்குமோ!

பெடாஸ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அப்பா கிராணி, ஆபிஸில் கணக்கெழுதுபவர். ஜப்பான் சண்டைக்கு முன்பு மலாயா அணிக்கு அவர்தான் விக்கெட் கீப்பர். கடல் தாண்டி வந்த அணிகளோடு சிங்கப்பூரில் ஆடியவர், மட்டை பிடித்தாலும் லேசில் அவுட் ஆகாதவர். அந்தக் கைகளை வளர்த்தவர் அதே தோட்டத்து ரப்பர் பால்வெட்டுக்காரர் ஒருவர். சொந்தமில்லை, ஆனாலும் எனக்கு அவர் மாமா. காலையெல்லாம் பால் வெட்டிவிட்டு, சாயங்காலம் வந்து அப்பாவுக்குப் பந்து போடுவார். விக்கெட் கம்பத்துக்குப் பின்னால் அப்பா குந்தியிருப்பார். "பந்த விட்டுக் கண்ண எடுத்தா கீப்பர் செத்தான்" என்று அப்பா அடிக்கடி சொல்வார். மாமா சிரித்துக்கொண்டே, "அப்போ நீங்க சாகவே மாட்டீங்கய்யா" என்பார். சிங்கப்பூருக்குப் போகும்போதெல்லாம் ரயிலடி வரைக்கும் அப்பாவின் பையைத் தூக்கிக்கொண்டு வந்தவரும் அவர்தான்.

ஜப்பான்காரன் வந்தான், கிரிக்கெட் போனது. தோட்டத்துத் திடலில் அவன் ஆட்கள் பேஸ்பால் ஆடினார்கள். ஆபிஸில் மாட்டியிருந்த பழைய போட்டோவில் அப்பாவின் கையுறைகளைப் பார்த்த அதிகாரி, மறுநாளே அவரைத் தங்கள் மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தச் சொல்லிவிட்டான். அந்த ஆட்டத்தில் உறை இடக்கைக்கு மட்டும்தான். பந்தைத் திருப்பி எறிய வலக்கை வெறுங்கையாக இருக்க வேண்டும், அடிபடாமலிருக்க அதை இறுக்கி மூடிக்கொள்ள வேண்டும். அப்பா தன் இடது உறையை மட்டும் மாட்டிக்கொண்டு இரண்டு நாளில் கற்றுக்கொண்டார். ஆட்டம் முடிந்ததும் ஒரு டின் அரிசி கொடுப்பார்கள். ஊரே மரவள்ளிக் கிழங்கைத் தின்று முகம் ஊதிக் கிடந்த நேரம். அம்மா கதவைச் சாத்திக்கொண்டு சோறு வடிப்பாள், வாசனை தொழிலாளர் குடியிருந்த லயத்துப் பக்கம் போகாமலிருக்க அடுப்பில் ஒரு கருவாட்டுத் தலையைப் போட்டுப் பொசுக்குவாள். யாரை ஏமாற்றினோம்? சோற்று வாசனை தெரியாத மூக்கு அந்தத் தோட்டத்தில் ஏது?

அன்றைக்கும் நான் டின்னை மடியில் வைத்துக்கொண்டு திடலோரம் உட்கார்ந்திருந்தேன். சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடிக்கும் லாரி வந்து திடலை ஒட்டி நின்றது. ஆட்டம் நிற்கவில்லை. லயத்திலிருந்து ஆண்களைத் தள்ளிக்கொண்டு வந்து ஏற்றினார்கள். அதில் மாமாவும் இருந்தார். லாரிப் பலகையைப் பிடித்துக்கொண்டு, "ஐயா! ஒரு வார்த்த சொல்லுங்கய்யா! நான் உங்க ஆளுன்னு சொல்லுங்க!" என்று கத்தினார். சும்மா கத்தவில்லை. முன்பு ஒருமுறை ஆபிஸ் சமையல்காரனைப் பிடித்தபோது அப்பா ஒரு வார்த்தை சொல்ல, அதிகாரி அவனை இறக்கிவிட்டிருந்தான். அந்த நம்பிக்கைதான். அப்பா திரும்பவில்லை. வெள்ளைப் பந்து வந்தது, பிடித்தார், எறிந்தார். மறுபடி வந்தது, மறுபடி பிடித்தார். லாரி ரப்பர் மரங்களுக்குள் போய் மறையும்வரை மாமாவின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள்: "கூப்பிட்டாராமே, ஏன் திரும்பிப் பாக்கல?" அப்பா சொன்னார்: "பந்து வந்துக்கிட்டு இருந்துச்சு." அம்மா என் கையிலிருந்த டின்னை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். சொல்லியிருந்தால் அதிகாரி விட்டிருப்பானா, அப்பாவையும் சேர்த்து ஏற்றியிருப்பானா, யாருக்குத் தெரியும்? பயந்த மனிதரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. ஆனால் அன்றைக்கும் உலை வைத்தோம். எல்லோரும் சாப்பிட்டோம். சோறு தொண்டையில் சிக்கியது என்று எழுத ஆசைதான். சிக்கவில்லை. நன்றாக இருந்தது, நான் இன்னும் கொஞ்சம் கேட்டேன்.

சண்டை முடிந்தது. சயாமிலிருந்து எலும்பும் தோலுமாகச் சிலர் திரும்பினார்கள், மாமா வரவில்லை. மலாயா அணிக்கு மறுபடி ஆள் பொறுக்க, சிரம்பான் திடலில் ஓர் ஆட்டம் வைத்தார்கள். தோட்டத்து ஜனங்கள் லாரி பிடித்து வந்தார்கள். மாமாவின் மனைவியும் வந்தாள். அத்தை, நீ எதுக்கு வந்தே என்று நான் கேட்டுவிட்டேன். "அவரு பந்து போட்டு வளத்த கையி. பாக்கணும்ல?" என்றாள்.

மதியத்துக்கு மேல் மட்டைக்காரன் ஒருவன் இறங்கி வந்து வீசி ஏமாந்தான். அப்பா பந்தை வாங்கிவிட்டார். அவன் கோட்டுக்கு வெகுதூரம் வெளியே நின்றான், கம்பத்தைத் தட்டினால் போதும். தட்டவில்லை. பந்து இடது உறைக்குள் மட்டும் இருந்தது. உறை போட்டிருந்தும் வலக்கை இறுக்கி மூடிக்கொண்டு பக்கத்தில் நின்றது. அப்பா அந்தக் கையைப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி, எங்கள் ஜனங்கள் உட்கார்ந்திருந்த மரத்தடியைப் பார்த்தார். மட்டைக்காரன் சாவகாசமாகத் திரும்பிப் போய்க் கோட்டுக்குள் நின்றுகொண்டான். அந்த மூடிய கையை எங்கே பார்த்தோம் என்று எங்கள் ஜனங்கள் எல்லோருக்கும் தெரியும். அத்தை முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து, லாரியில் போய் ஏறி உட்கார்ந்தாள்.

ஒரு மாசம் பழகினால் சரியாகிவிடும், இடம் உனக்குத்தான் என்று அணித் தலைவர் வீடு தேடி வந்து சொல்லிப் பார்த்தார். அப்பா கையுறைகளைத் துணியில் சுற்றிப் பெட்டிக்கடியில் வைத்துவிட்டார். "நான் வாயத் தொறக்கல. கை சொல்லிருச்சு" என்று அம்மாவிடம் ஒருமுறை சொன்னார். அதன்பிறகு பந்தைத் தொடவில்லை. அத்தை லயத்தை விட்டு மந்தின் ஊரில் மகனோடு போய் இருந்தாள், கடைசிவரை எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தாலாவது தேவலை.

தம்பி வலது உறையைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். வாசல்வரை போகவிட்டேன், பிறகு கூப்பிட்டேன். அந்தச் சிவப்புக் கறை மாமாவின் பந்து பட்டது. அது மந்தினுக்குப் போக வேண்டியது, அத்தையின் மகன் வீட்டுக்கு. அதை வாங்கிக்கொண்டு இடதைக் கொடுத்தேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "இதுக்குக் கீழ என்ன பாட்டி எழுதுறது? எலி கடிச்சதுன்னா?"

"எலி இல்ல தம்பி. ஜப்பான்காரனுக்குப் பந்து பிடிச்சுத் தேஞ்சதுன்னு எழுதுங்க."

அவர் பேனாவை எடுத்து, அப்படியே எழுதிக்கொண்டார். நிமிர்ந்து, "அவ்வளவுதானா?" என்றார்.

"அதுக்குக் கொடுத்த அரிசிய நாங்க சாப்பிட்டோம். அதையும் எழுதுங்க."