கரையில் பறித்த ஊத்தா

எங்கள் ஊர் வீரணன் மாமாவுக்கு சோசலிசம் எப்படிப் பிறந்தது என்று சொல்வதில் ஆசை அதிகம். அது ஆட்சிக்கு வந்தபின் என்ன செய்தது என்று சொல்வதில் ஆசை குறைவு.

பள்ளத்தூரிலிருந்து வரும் பேருந்து எங்கள் ஊரில் திரும்புகிற இடத்தில் எங்கள் டீக்கடை இருக்கிறது. மாமாவுக்குக் காரைக்குடியில் லேத் பட்டறையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை பட்டறை லீவு என்பதால் காலையிலேயே கடை பெஞ்சுக்கு வந்துவிடுவார். இங்கிலாந்தில் பஞ்சாலைகள் வந்த காலம், அங்கே சின்னப் பிள்ளைகள் விடிந்ததிலிருந்து இருட்டும்வரை நின்றது, அதைப் பார்த்துப் பொறுக்காமல் ஒரு மில் முதலாளியே தொழிலாளிகளுக்கு நல்ல வீடும் பள்ளிக்கூடமும் கட்டிக்கொடுத்தது, பிரான்சில் சிலர் எல்லோரும் சேர்ந்து உழைத்துச் சேர்ந்து சாப்பிடுகிற ஊர்களைக் கனவு கண்டது, பிறகு லண்டனில் ஒரு தாடிக்காரர் ‘கனவு மட்டும் போதாது, உலகம் எதனால் மாறுகிறது என்று பார்க்க வேண்டும்’ என்று உட்கார்ந்து எழுதியது என எல்லாவற்றையும் பக்கத்துக் கோட்டையூரில் நடந்த சங்கதி போலச் சொல்வார்.

“முடிஞ்சதக் குடுக்கணும், வேணுங்கிறத எடுத்துக்கணும். அம்புட்டுத்தான்யா” என்று முடிப்பார்.

ஆடு வளர்க்கும் சொக்கு விடமாட்டார். “சரி தோழர், ருசியாவுல இவுக அரசாங்கம் வந்துச்சே, அப்பறம் என்ன ஆச்சு?”

“நாலாபக்கமும் சண்டை. பட்டணத்துல பசி. கிராமத்துக்கு ஆள அனுப்பித் தானியத்த எடுத்தாக. வேற வழியில்ல.”

“எடுத்தாகன்னா? கேட்டு எடுத்தாகளா, கேக்காம எடுத்தாகளா?”

“டீயக் குடிய்யா, ஆறுது.”

அந்த இடத்தைத் தாண்டி கதை நகராது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி பஞ்சாலையில் தொடங்கும்.

மாமா ஊராட்சித் தலைவர் தேர்தலில் நின்றபோது ஊர் அவரை ஜெயிக்கவைத்தது. காசு வாங்கமாட்டார் என்று எல்லோருக்கும் தெரியும். வந்ததும் தெருவிளக்கு எரிந்தது. மேலத்தெருவுக்கு வந்த அதே குடிதண்ணீர் கடைசித் தெருவுக்கும் வந்தது. “கேரளாவுல ஓட்டுப் போட்டே ஆட்சியப் பிடிச்சாக, அம்பத்தேழுல. இப்ப நம்ம ஊரு” என்று சிரித்தார். அந்தச் சிரிப்போடு நின்றிருந்தால் நான் இதை எழுத வேண்டியிருக்காது.

எங்கள் பக்கத்தில் கோடையில் கண்மாய் வற்றி முழங்கால் தண்ணீர் ஆனதும் மீன்பிடித் திருவிழா நடக்கும். அதுவரை யாரும் தூண்டில்கூடப் போடமாட்டார்கள். குறித்த நாளில் சுற்றுப்பட்டு ஊர்ச் சனமெல்லாம் கரையில் வந்து நிற்கும். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் இறங்குவார்கள். வலை வைத்திருப்பவர் வலை, இல்லாதவர் சேலை. ஊத்தா வைத்திருப்பவர்கள்தான் அதிகம். அது மேலும் கீழும் திறந்த மூங்கில் கூடை. சேற்றில் கவிழ்த்துவிட்டு மேல்வாய் வழியாகக் கைவிட்டு மீனை எடுப்பார்கள். எந்த ஊர், எந்தச் சாதி என்று கேட்பதில்லை. பிடித்தது பிடித்தவருக்கு. ஆனால் விற்கக் கூடாது.

தலைவரான பின் ஒரு திருவிழா நாளில் மாமா கீழத்தெரு வழியாகப் போனார். சின்னக்கருப்பு வாசலில் தனியாக உட்கார்ந்திருந்தார். அவருக்குச் சிறு வயதிலேயே போலியோ வந்து இரண்டு காலும் சூம்பிவிட்டன. ஊரே கண்மாயில் கத்திக்கொண்டிருக்க, அவர் மட்டும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருந்தார். அந்தக் காட்சி மாமாவைக் குத்திவிட்டது. “வலு இருக்கவனுக்கு விரால், கால் இல்லாதவனுக்கு வேடிக்கையா? என்னய்யா நியாயம் இது?” என்று கடையில் வந்து கொதித்தார்.

அடுத்து வந்த மீன்பிடிக்கு அவர் ஒரு திட்டம் போட்டார். யாரும் தனியாக இறங்கக் கூடாது. வலைக்காரர்களை வைத்து மொத்த மீனையும் பிடித்து, கரையில் குவித்து, குடும்ப அட்டை உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் சமமாகப் பங்கு. நடக்க முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வரும். வெளியூர்க்காரர்களுக்குக் கிடையாது. நல்ல மனிதர் சொல்கிறார் என்று கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள்.

சொக்கு மட்டும், “அது ரேசன் கடை தோழர். மீன்பிடி இல்ல” என்றார்.

“பழகிரும்” என்றார் மாமா.

மீன்பிடி நாளன்று கரையில் மைக் கட்டியிருந்தார்கள். வெளியூர்ச் சனம் வழக்கம்போல வந்து நின்றது. யாரும் இறங்க வேண்டாம் என்று மாமா திரும்பத் திரும்பச் சொன்னார். அப்போது ஒரு பெண் இடுப்பில் ஊத்தாவோடு கரையிலிருந்து இறங்கினாள். பக்கத்து ஊர்ச் செந்தாமரை. கட்டட வேலையில் சித்தாள். கூலி உயர்வுக்காகக் காரைக்குடியில் ஊர்வலம் போனபோது மாமாவுக்குப் பக்கத்தில் கொடி பிடித்து நடந்தவள்.

இளவட்டங்கள் அவளை மறிக்க ஓடினார்கள். “நான் பாத்துக்கிறேன்” என்று மாமாவே மைக்கோடு இறங்கினார்.

“செந்தாமரை, சொன்னாக் கேளு. அங்குட்டு ஏறு.”

“சின்னப் பிள்ளையில இருந்து எறங்குற கம்மா தோழர். இன்னைக்கு என்ன புதுசா?”

“இது இப்ப மக்கள் சொத்து” என்று சொல்லி அவள் கையிலிருந்த ஊத்தாவைப் பிடித்து இழுத்தார். ஒரு மூங்கில் குச்சி முறிந்தது.

“அப்ப நான் மக்க இல்லையா?”

மைக் அணைக்கப்படவில்லை. அந்தக் கேள்வி கண்மாய் முழுக்கக் கேட்டது. அவள் ஊத்தாவைத் திருப்பிக் கேட்கவில்லை. கரையேறிப் போய்விட்டாள். அவளோடு வந்தவர்களும் போனார்கள்.

மீன் நிறைய வந்தது. ஆனால் பங்கு பிரிப்பதற்குள் சண்டை வந்துவிட்டது. ஒரு குவியலில் விரால், இன்னொன்றில் பொடி ஜிலேபிக் கெண்டை. எது எதற்குச் சமம்? மறுபடி கலந்தார்கள், மறுபடி பிரித்தார்கள். பங்கு போட்ட இளவட்டங்களின் வீடுகளுக்கு மட்டும் விரால் முன்னாடியே போய்விட்டது என்று ஒருத்தி கத்தினாள். அது உண்மைதான். சித்திரை வெயில். ஐஸ் வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எங்கள் ஊரில் கண்மாய் மீன் தண்ணீரிலிருந்து நேராகச் சட்டிக்குத்தான் போகும். அதைக் காத்திருக்கவைத்துப் பழக்கமே இல்லை. மதியத்துக்கு மேல் நாற்றம் எடுத்தது. கடைசியில் ஜேசிபி வந்து கரையடியில் குழி தோண்டிப் புதைத்தார்கள்.

மிஞ்சியதில் நல்லதாகப் பார்த்து மாமா சின்னக்கருப்பு வீட்டுக்குத் தானே கொண்டுபோனார். நாற்றத்தில் சின்னக்கருப்பு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“தம்பி, கோவிச்சுக்காதீக. இத வெளிய போட்ருங்க. ஆமா, இன்னைக்குச் செந்தாமரை வரலையா?”

“அவ எதுக்கு இங்க வாரா?”

“வருசா வருசம் அவதான குடுத்துட்டுப் போவா. கம்மாயில இருந்து இந்த வழியாத்தான அவ ஊருக்குப் போறது. எறங்க முடியாத வீட்டுல மொதல்ல ஒரு மீனப் போட்டுட்டுத்தான் எல்லாரும் வீட்டுக்குப் போவாக. உங்களுக்குத் தெரியாதா?”

மாமாவுக்குத் தெரியாது. அவர் வீட்டில் அண்ணன் தம்பி எல்லோரும் நன்றாக மீன் பிடிப்பவர்கள். அவர் வாசலில் யாரும் மீன் போட வேண்டிய தேவை வந்ததே இல்லை.

“ஏண்ணே, இத முன்னாடியே சொல்லலாம்ல?”

“நீங்க கேக்கலையே தம்பி.”

அதன்பிறகு மழை நன்றாகப் பெய்தது, கண்மாய் வற்றவில்லை. மீன்பிடியும் நடக்கவில்லை. மாமாவின் பதவிக்காலமும் முடிந்தது. செந்தாமரை தொழிற்சங்கக் கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்டாள். கடை பெஞ்சில் மாமா பேசுவது குறைந்தது. ஒருநாள் சொக்கு பழைய ஞாபகத்தில், “தோழர், ருசியாக் கதை பாதியில நிக்குது” என்று சீண்டினார்.

மாமா டம்ளரைக் கீழே வைத்தார். “கேக்காமத்தான்யா எடுத்தாக. வெதைத் தானியத்தக்கூட விட்டு வைக்கல. பறிகுடுத்த விவசாயி வெதைக்கிறதக் கொறச்சான். பின்னால பஞ்சம் வந்துச்சு, கொத்துக் கொத்தாச் செத்தாக. இம்புட்டு நாளும் ‘வேற வழியில்ல’ன்னு நான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்.”



தொடக்கத்தில் அந்தக் கொள்கையைச் சொன்னவர்கள் பொய்யர்கள் என்று நான் நினைக்கவில்லை. பஞ்சாலைப் பிள்ளைகளைப் பார்த்து அழுதது நிஜம். சின்னக்கருப்பைப் பார்த்து மாமா கொதித்ததும் நிஜம். அந்த நிஜம்தான் அவரைத் தூங்கவிடவில்லை என்று நினைக்கிறேன். கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால் அவர் எளிதாக மறந்திருப்பார்.

இந்த வருஷம் கண்மாய் வற்றியது. பழைய முறைப்படி மீன்பிடி என்று ஊர்க்கூட்டத்தில் முடிவானது. செந்தாமரை வருவாளா என்பதுதான் மாமாவுக்கு ஒரே கவலை. சந்தையில் ஒரு ஊத்தா வாங்கிக்கொண்டு அவளைத் தேடிப் போனார். கோட்டையூரில் ஒரு பழைய செட்டியார் வீட்டை ஹோட்டலாக மாற்றுகிற வேலையில் அவள் கலவை சுமந்துகொண்டிருந்தாள்.

“வாங்க தோழர். மைக்க எங்க வச்சிட்டு வந்தீக?”

மாமா ஊத்தாவை நீட்டினார். அவள் அதைத் திருப்பிப் பார்த்தாள். “வாய் இம்புட்டு அகலமா இருந்தா விரால் நம்மளப் பாத்துச் சிரிச்சிட்டுப் போயிரும். கோழி கவுக்க வச்சுக்கங்க. நான் அப்பவே வேற பின்னிக்கிட்டேன்.”

“தப்புப் பண்ணிட்டேன் செந்தாமரை.”

“வெரட்டுனது ஊரு கேக்க. தப்புன்னு சொல்றது எங்காதுக்கு மட்டுமா?” என்று சொல்லிவிட்டுச் சட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு படியேறிப் போனாள்.

திருவிழா அன்று கரை நிறையக் கூட்டம். பெரியவர் துண்டை எடுக்கும் நேரத்தில் மாமா மைக்கைக் கேட்டு வாங்கினார்.

“போன தடவ, மக்கள் சொத்துன்னு சொல்லி மக்ககிட்டயே பறிச்சேன். பக்கத்து ஊர்ச் செந்தாமரை கையில இருந்து ஊத்தாவப் பிடுங்குனது நான்தான். அது தப்பு. யாருக்கு என்ன வேணும்னு நான் யாரையும் கேக்கல.”

“சீக்கிரம் முடிங்க தோழர், மீனும் கேட்டுக்கிட்டு இருக்கு” என்று யாரோ கத்தினார்கள். கூட்டம் சிரித்தது. மாமாவின் கண் மட்டும் கூட்டத்தில் அவளைத் தேடிக்கொண்டிருந்தது. துண்டு வீசப்பட்டதும் எல்லோரும் இறங்கினார்கள். மாமாவும் அந்தச் சந்தை ஊத்தாவோடு இறங்கினார். சேறு முழுக்க உடம்பில் ஏறியதுதான் மிச்சம், ஒரு மீனும் அகப்படவில்லை.

வெறுங்கையோடு சின்னக்கருப்பு வீட்டு வழியாக வந்தார். உள்ளே குழம்பு கொதித்தது.

“செந்தாமரை வந்தாளாண்ணே?”

“வந்தா, குடுத்தா, போயிட்டா.” சின்னக்கருப்பு ஈரத் துணியில் சுற்றிய ஒரு விராலை எடுத்து நீட்டினார். “இது உங்களுக்காம். கம்மாயில ஒண்ணும் அம்படாத வீட்டுக்குன்னு சொன்னா.”

“வேற என்ன சொன்னா?”

“ஒண்ணும் சொல்லல.”

அன்று மாமா வீட்டில் அந்த மீனைத்தான் குழம்பு வைத்தார்கள். “யாரு பிடிச்சது?” என்று அத்தை கேட்டதற்கு, “நான் ஊத்தாவப் பறிச்சேன்ல, அவ” என்றாராம். குழம்பை மட்டும் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டாராம். மீன் துண்டை வைக்கப்போனபோது இலையை நகர்த்திக்கொண்டாராம்.